பொற்கொடியின் பின்னால் வந்த பூங்கா

மேலக்குறிச்சி நகராட்சியின் பதினேழாவது வார்டில், அன்னை நகர் மூன்றாம் குறுக்குத் தெருவில், பொற்கொடி வீட்டுக்குக் கிழக்கே பூங்காவுக்கென்று விட்ட எட்டு சென்ட் இடம் ஒன்று, விட்டதை விட்டபடியே இருபத்திரண்டு வருஷம் கிடந்து, சீமைக் கருவேலம் மண்டி, உடைந்த கக்கூஸ் கோப்பைகளும் கட்டில் சட்டங்களும் கண்ணாடி போன சாமி படங்களும் சேர்ந்து, நாலு வகைப் பாம்புக்கும் ஒரு கீரிக் குடும்பத்துக்கும் வீடாகி, கடைசியில் ஒரு புதன்கிழமை காலை எட்டேகால் மணிக்கு எழுந்து பொற்கொடியின் பின்னால் நடந்து வந்தது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அந்த இடத்தைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

பொற்கொடி நகராட்சிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அவள் ஒரு முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அழுகலா இல்லையா என்று முட்டையே ஒப்புக்கொண்டுவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவள் அந்த எட்டு சென்டைச் சுத்தம் செய்யச் சொல்லி மூன்று வருஷத்தில் நாற்பத்தேழு மனு எழுதினாள். ஒவ்வொரு மனுவையும் முடித்ததும் பிழை இருக்கிறதா என்று பார்க்கக் கிழக்கு ஜன்னல் ஓரம் நின்று சத்தமாக ஒருமுறை வாசிப்பாள்: "சர்வே எண் நூற்றுப் பதினெட்டின் கீழ் இரண்டு பி, வடக்கே தெரு, தெற்கே வாய்க்கால், மேற்கே என் வீடு, கிழக்கே வேலாயுதம் வீடு, இதற்கு உட்பட்ட பூங்கா இடமானது..." அவள் புருஷன் தணிகாசலம் பஸ் டெப்போ மெக்கானிக், தூக்கத்தில்கூட அந்த எல்லைகளைச் சொல்லுமளவுக்கு அவருக்கு மனப்பாடம்.

மனுக்களுக்கு நகராட்சியிலிருந்து பதில் வராமல் இல்லை. எழுதியவர் பிரிவு எழுத்தர் குணசீலன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரே வரியில் முடியாது என்று சொல்லித் தொலைத்திருப்பார். மேற்படி இடத்தை ஒட்டி வசிப்பவர் என்ற முறையில் தாங்களே பராமரித்துக்கொள்ளலாம் என்று எழுதினார். சரி போகிறது என்று பொற்கொடி ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கி ஒரு மூலையை வெட்டினாள். நகராட்சி இடத்தில் அனுமதியின்றி நுழைந்து தாவரங்களைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் வந்தது. வெட்டினால் ஆக்கிரமிப்பு, வெட்டாவிட்டால் அலட்சியம் என்று ஆகிப்போனது. இந்த ஊரில் பிறந்து இந்த நகராட்சிக்கு வரி கட்டுகிறவனுக்கு நரகத்தில் தனியாக ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

இதெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். மகள் செண்பகம் கரையூரில் வாக்கப்பட்டு ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். சம்பந்தியம்மா ரங்கநாயகி விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போக வந்து, பிரசவத்துக்கு வந்தால் செண்பகம் படுக்கப்போகிற கிழக்கு அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, ஆறடிச் சாரை ஒன்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டுப் போனது. ரங்கநாயகி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் காடு ஒழிஞ்சாத்தான் என் மருமவளை அனுப்புவேன். இல்லன்னா தலைப்பிரசவம் எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வராவிட்டால் ஊர் பேசும் என்பது ஒரு பக்கம். பொற்கொடி இருபது வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். தன் பெண் வயிறு நிறையப் பிள்ளையோடு வரும்போது பூண்டுக் குழம்பும் கருவாடும் ஆக்கிப்போட இன்னொருத்தியா என்று நினைத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே நாற்பத்தேழாவது மனுவை எழுதி, முந்தின நாற்பத்தாறையும்விடச் சத்தமாக ஜன்னலில் நின்று வாசித்தாள். மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

பள்ளிக்கூடத்துக்குப் போகிறவளுக்குப் பின்னால் சருகு அரைபடும் சத்தம் கேட்டது. திரும்பினாள். இரண்டு கை தூரத்தில் எட்டு சென்டும் நின்றது, கருவேலம் கக்கூஸ் கோப்பை சாமி படம் சகிதம். "சூ, போ வீட்டுக்கு" என்றாள். அது போகவில்லை. நாலடி நடந்தாள்; அதுவும் நடந்தது. பஜனை கோயில் சந்து ஆறடிதான் அகலம் என்பதால், அங்கே வந்ததும் அது வேட்டியை மடித்துக் கட்டுவதுபோலத் தன்னை இரண்டாக மடித்துக்கொண்டு, ஒருவர் மேலும் முள் படாமல் ஓரமாக வந்தது. சாயங்காலம் வீடு திரும்பியபோது கூடவே திரும்பி, தன் இடத்தில் படுத்துக்கொண்டது.

"நாப்பத்தேழு தடவை பேரு, ஊரு, எல்லை எல்லாம் சொல்லிக் கூப்பிட்டா வராம என்ன செய்யும்?" என்றார் தணிகாசலம். ஊரும் அதையே காரணமாக வைத்துக்கொண்டது, அதற்குமேல் யாரும் துருவவில்லை. துருவ நேரமும் இல்லை, ஏனென்றால் இரண்டே நாளில் எல்லோருக்கும் அந்த இடத்தால் வேலை வந்துவிட்டது. கருவேலத்துக்கு நடுவே அதில் நின்ற ஒற்றை வேப்பமரத்தின் நிழலில் ரேஷன் கடை வரிசை நிற்கப் பழகியது. எட்டு சென்டுக்கு வரிசையில் ஒரு ஆள் இடம் விடவேண்டுமா என்று ஒரு சண்டையும் நடந்து, வேண்டாம் என்று முடிவானது. ஆட்டுக்காரர்கள் காலையில் ஆடுகளை அதன்மேல் ஏற்றிவிட்டுச் சாயங்காலம் இறக்கிக்கொண்டார்கள். சீட்டாடுகிற நாலு பேர் அதிலேயே உட்கார்ந்து ஊர் சுற்றினார்கள், எந்தத் தெருவில் ஆட்டம் முடிந்ததோ அந்தத் தெருவில் இறங்கி வீட்டுக்கு வழி விசாரித்தார்கள். பொற்கொடியின் பின்னால் அது பஸ்ஸில் ஏறப்போனபோது கண்டக்டர் மட்டும், "லக்கேஜுன்னா லக்கேஜ் மாதிரி இருக்கணும்" என்று சொல்லி ஏற்ற மறுத்துவிட்டார். துணி காயப்போடுகிற பெண்கள், "பொற்கொடியக்கா, இன்னைக்கு எங்க தெரு வழியா வாங்களேன், மாடியில எடமே இல்ல" என்று முதல் நாளே சொல்லிவைத்தார்கள். ஒரு கட்சிக்காரர்கள் அதில் கொடிக்கம்பம் நட்டார்கள். எதிர்க்கட்சித் தெருவுக்குள் அது போனபோது கொஞ்சம் சிக்கலாகி, அடுத்த கட்சியும் ஒரு கம்பம் நட்டபின் சரியாயிற்று.

நகராட்சிக்கு விஷயம் பதினோராம் நாள்தான் தெரியவந்தது, அதுவும் யாரோ மனுக் கொடுத்ததால். நடக்கும் இடத்தை என்ன செய்வது என்று குணசீலன் அத்தனை விதிப் புத்தகத்தையும் புரட்டினார். பொது வழியில் உரிமையாளர் இன்றித் திரிவனவற்றைப் பிடித்து அடைக்கலாம் என்று ஒரே ஒரு விதி இருந்தது. அது மாட்டுக்கு எழுதினது. பரவாயில்லை என்று ஆணையர் கையெழுத்துப் போட்டார். தெருமாடுகளை அடைக்கிற பவுண்டுக்குள் பொற்கொடி முன்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வந்துவிட வேண்டும், நடுவில் காவலாளி பிச்சைக்கண்ணு கதவைச் சாத்திவிடுவான் என்று ஏற்பாடு. அவளும் சந்தோஷமாகவே போனாள். காடு ஒழிந்தது, மகள் வருவாள், வேறென்ன வேண்டும்? பின்வாசலில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நிலத்துக்கு முகமா இருக்கிறது, ஆனாலும் அது தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது என்று அன்றைக்கு அவள் சாப்பிடாமலே படுத்தாள்.

ரங்கநாயகி மறுபடி பார்க்க வந்தாள். வந்து பார்த்தால் கிழக்கு அறை இருட்டாக இருந்தது. நடுவில் இருந்த இடம் போய்விட்டதால், பல் பிடுங்கின ஈறு கூடிக்கொள்வதுபோல வேலாயுதத்தின் வீடு நகர்ந்து வந்து பொற்கொடியின் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் அவர் வீட்டு அடுப்படி. வேலாயுதத்தின் மனைவி உள்ளே நின்று மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தவள், "வாங்க சம்பந்தியம்மா, சௌக்கியமா" என்று கேட்டு ஒரு கிண்ணம் வத்தக்குழம்பையும் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

ரங்கநாயகி மூன்று முறை தும்மினாள். "பச்சப்புள்ளைக்குக் காத்து வேணாமா? இந்த நெடியில குழந்தை மூச்சு விடுமா? அந்த எடம் இருக்கிற எடத்துல இருக்கணும், ஆனா சுத்தமா இருக்கணும். ஏழாம் மாசம் வளைகாப்புக்கு இன்னும் இருவத்திநாலு நாள் இருக்கு. அதுக்குள்ள ஆச்சுன்னா சொல்லி அனுப்புங்க, இல்லன்னா எங்க ஊரு ஆஸ்பத்திரியில சொல்லிவச்சிருக்கேன்."

பொற்கொடி நகராட்சிக்கு ஓடினாள். குணசீலன் அவளை உட்காரச் சொல்லி, ஒரு படிவத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டுக் கொடுத்தார். பவுண்டில் அடைத்ததை மீட்க உடையவர் எழுதித் தரவேண்டியது அது. பிடிபட்டது என்னுடையது, இனி எக்காலத்துக்கும் அதைப் பராமரிக்கும் முழுப் பொறுப்பும் என்னுடையது.

"ஏன் சார், இது நகராட்சி எடம், நாங்கதான் பாத்துக்கணும்னு நீங்க ஒரு வரி எழுத மூணு வருஷமா கேக்குறேன். இப்ப என்கிட்டயே எழுதி வாங்குறீங்களா?"

"மாடா இருந்தாலும் இதே படிவம்தாம்மா."

"மாடு என் பின்னாடி வந்தா என் மாடாயிடுமா?"

"மத்த யார் பின்னாடியும் போகலியேம்மா" என்றார் குணசீலன், மெதுவாகத்தான் சொன்னார்.

அவள் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள். தணிகாசலம் போட்டுவிடச் சொன்னார். "போட்டா நாளைக்கு வாய்க்காலையும் என் பேர்ல எழுதுவாங்க, நாளன்னைக்கு தெருவிளக்கை" என்றாள். எட்டு சென்ட் காட்டைக் காலம் முழுக்க வெட்டிக்கொண்டிருக்க அவளுக்கு உடம்பும் கிடையாது, மனசும் கிடையாது. நாள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. செண்பகம் போனில், "அம்மா, எனக்கு உன் கையால புளிக்கொழம்பு சாப்பிடணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள், இவளும் அழுதாள், ஜன்னலில் நின்று வேலாயுதத்தின் மனைவியும் அழுதாள்.

வளைகாப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பிச்சைக்கண்ணு தேடி வந்தான். "அக்கா, ஒரு நடை வந்து பாரு. அது தண்ணி உறிஞ்ச மாட்டேங்குது. எந்தப் பஞ்சத்துக்கும் அசையாத கருவேலம், இலையெல்லாம் கொட்டிடுச்சு. பாம்புகூட சுருண்டு கெடக்குது. மாடுங்க அதும்பக்கம் படுக்காம தள்ளிப் படுக்குதுங்க."

போய்ப் பார்த்தாள். பவுண்டு மூலையில் அது நாலாக மடிந்து, வெடித்த மண்ணோடு கிடந்தது. பசித்த வயிற்றைக் கண்டால் காரணம் கேட்காத கை அவளுடையது. நிலத்துக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், பவுண்டில் இருப்பவை தின்பது எதுவோ அதைக் கொடுப்போம் என்று, எதிரே இருந்த அரிசி மில்லில் ஒரு முறம் நிறையத் தவிடு வாங்கி வந்து, "தின்னு, ஏன் இப்படிக் கெடக்குற, தின்னு" என்று சொல்லித் தண்ணீர் தெளித்து அதன்மேல் தூவினாள். தூவத் தூவ மண் தவிட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓரத்தில் ஒரு அருகம்புல் நிமிர்ந்தது. பொற்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பிச்சைக்கண்ணு வாயைப் பிளந்து நின்றான்.

"என்ன காரியம் பண்ணிட்டக்கா? மொறத்துல தவிடு குடுத்துட்டியே. வாங்கிட்டியே!"

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு மூன்று பிள்ளைகள் பிறந்து தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறப்பதை அக்கம்பக்கத்தில் ஒருத்திக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை, தவிட்டு விலைக்குப் போன பிள்ளை என்று நினைத்து எமன் தாண்டிப் போய்விடுவான் என்பது எண்ணம். முறம் கை மாறினால் மாறினதுதான். அன்றிலிருந்து வாங்கினவளும் அதற்குத் தாய். சாயங்காலத்துக்குள் மேலக்குறிச்சி முழுவதும் பொற்கொடி பூங்கா இடத்தைத் தவிட்டுக்கு வாங்கின செய்தி பரவிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு குணசீலன் நேரில் வந்து நோட்டீஸ் கொடுத்தார். மேற்படி இடத்தைத் தாங்கள் தவிடு கொடுத்து வாங்கியதாக அறிய வருவதால், அதன் பராமரிப்பு இன்று முதல் தங்களையே சாரும். பொற்கொடி அதை ஒருமுறை மனசுக்குள் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் மூன்று வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"சார், இதுல நகராட்சி முத்திரை சரியா விழுந்திருக்கா பாருங்க. நாளைக்கு நீங்க இல்லன்னு சொல்லக் கூடாது."

வெள்ளிக்கிழமை நகர்மன்றக் கூட்டம். அவள் அந்த நோட்டீஸை ஆணையரின் மேசையில் வைத்தாள். ஆணையர் வடக்கே படித்து வந்த இளைஞர், ஊருக்குப் புதுசு.

"வாங்கினது உண்மைதானேம்மா?"

"உண்மைதாங்கய்யா. பிச்சைக்கண்ணு சாட்சி. நீங்களே முத்திரை குத்தி ஒத்துக்கிட்டீங்க."

"அப்ப நீங்கதானே பராமரிக்கணும்?"

"அதெப்படிங்கய்யா? தவிட்டுக்கு வாங்கினவ புள்ளைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகமாட்டா. நல்லது கெட்டதுக்கு முன்னால நிப்பா, அவ்வளவுதான். சோறு ஊட்டறது, குளிப்பாட்டறது, மூக்கு சிந்தி விடறது, பேன் பாக்கறது எல்லாம் பெத்தவ வேலை. இதை மனைப்பிரிவு வரைபடத்துல போட்டு, பூங்கான்னு பேரும் வச்சது யாரு? நீங்க பெத்தீங்க. நான் வாங்கினேன். இனி வளக்கறது நீங்கதான்."

"இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று ஆணையர் குணசீலனைக் கேட்டார். குணசீலன் பேனாவைத் திறந்து குறிப்பேட்டின்மேல் குனிந்துகொண்டார். கதவோரம் நின்ற பிச்சைக்கண்ணுதான் பேசினான்.

"சட்டத்துல இல்லீங்கய்யா. என்னைய மேலத் தெரு ராஜாமணியம்மா வாங்குச்சு. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கரும்பு குடுக்கும். இருவது வயசு வரைக்கும் சோறு போட்டது எங்கம்மா. ராஜாமணியம்மா வீட்டுல போய்ச் சோறு கேட்டிருந்தா எங்கம்மாவே அடிச்சிருக்கும்."

"ஆமாங்கய்யா, அதான் முறை" என்று ஒன்பதாவது வார்டு உறுப்பினர் எழுந்தாள். "என்னையும் தவிட்டுக்குத்தான் வித்தாங்க." பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்புறம் எதிர்க்கட்சியில் இரண்டு பேர். இருபத்திநாலு உறுப்பினர்களில் ஒன்பது பேர் எழுந்து நின்றார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன இரண்டு மூன்று பேருக்கும் சேர்த்து நின்றதால் மன்றம் அப்படியே நிறைந்துபோனது. கடைசியில் குணசீலன் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீங்களுமா?" என்றார் ஆணையர்.

"வீட்டுல இன்னும் தவிட்டான்னுதான் சார் கூப்பிடுவாங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சர்வே எண் நூற்றுப் பதினெட்டின் கீழ் இரண்டு பி, தவிட்டு முறையில் திருமதி பொற்கொடியின் பிள்ளை என்றும், அதை வளர்க்கும் பொறுப்பு என்றென்றும் நகராட்சியுடையது என்றும் குணசீலனே எழுதினார், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

பவுண்டு கதவைத் திறந்து பொற்கொடி நாலு எல்லையையும் சொல்லிக் கூப்பிட்டாள். அது ஓடியே வந்தது. வேலாயுதத்தின் வீடு அடி அடியாகப் பின்வாங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. அடுப்படியில் பால் மட்டும் கொஞ்சம் கொட்டியது. மறுநாளே நகராட்சி ஆட்கள் வந்து இறங்கினார்கள். கருவேலத்தை வேரோடு எடுத்து, குப்பையை வாரி, வேப்பமரத்தை விட்டு, மண் பரப்பிப் புல் விதைத்தார்கள். கீரிக் குடும்பம் வாய்க்காலைத் தாண்டிப் போனது. பாம்புகள் நகராட்சி ஆவண அறைக்குக் குடிபோயின, அங்கே எலி நிறைய. செண்பகம் வளைகாப்பன்றைக்கே இரண்டு கை நிறைய வளையலோடு வந்து இறங்கி, கிழக்கு அறையில் படுத்து, ஜன்னல் காற்றில் தூங்கி, புளிக்குழம்பாகத் தின்று, பெண் குழந்தை பெற்றாள்.

அடுத்த சித்திரையில் காதுகுத்து. பொற்கொடி வீட்டில் கூட்டம் தாங்கவில்லை என்பதால் பக்கத்து இடத்தில்தான் பந்தல். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன் யாருங்க? வந்து உக்காந்து குழந்தைய மடியில வையுங்க" என்றார். செண்பகம் ஒற்றைப் பெண். தணிகாசலம் செருப்பைப் பார்த்தார். ஒன்றுவிட்ட உறவில் ஒருவன் தயங்கித் தயங்கி எழப்போனான்.

"நீ உக்காருப்பா" என்றாள் ரங்கநாயகி. "கூடப் பொறந்தவன் இங்கதான இருக்கான்."

அவளே குழந்தையை வாங்கிக்கொண்டு போய், பந்தலுக்கு நடுவே வெறும் புல்லின்மேல் உட்கார வைத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மேளத்தோடு குணசீலன் வந்தார், தலையில் சீர்த்தட்டு, பின்னால் வார்டு உறுப்பினர்கள் ஆளுக்கொரு தட்டோடு. வளர்த்த வீட்டுச் சீர், மன்றத்தில் தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தது. ஆசாரி குனிந்தார். வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. ஒரு காது முடிந்து மறு காதும் முடிகிறவரை எட்டு சென்டும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. குழந்தை அழவே இல்லை, புல்லைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

தூக்கும்போதுதான் ரங்கநாயகி கவனித்தாள். மழை பெய்து நாற்பது நாளாகியிருந்த சித்திரை வெயிலில், குழந்தையின் பாவாடை பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அவள் குனிந்து புல்லைத் தொட்டாள், சுற்றிலும் ஈரம்.

"ஏன்டா அழுவுற?" என்று தரையைத் தடவிக்கொடுத்தாள். "ஊருக்குப் போனாலும் உன் மருமவ இனிமே வருசா வருசம் வருவாடா."